புறங்கை அறியும் வெம்மை

பினாங்கு மாநிலத்தில் கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த நிபோங் திபாலைச் சுற்றி முதலில் கரும்பு நின்றது. பின்னர் பால்மரம் நின்றது. இன்று செம்பனை நிற்கிறது. பயிர் மாறிக்கொண்டே வந்த அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்து நடந்த கால்களில் பெரும்பகுதி தமிழர் கால்கள். கலிடோனியா, பைராம், டிரான்ஸ்கிரியான், ஜாவி என்று தோட்டத்தின் பெயரையே சொந்த ஊரின் பெயராகச் சொல்லிப் பழகிய குடும்பங்கள் அவை. விடியுமுன் எழுந்து, பனி நனைத்த புல்லில் வெறுங்காலோடு பால் வெட்டப் போனவர்களின் உள்ளங்கால் தோல் காலணியைப் போல் தடித்திருந்தது. அந்தக் கால்தான் இன்று நலவாழ்வு நிலையத்தில் ஒரு தாதியின் முன் நீட்டப்படுகிறது.

நூல்களில் செவிலியர் என்றும், மலேசியத் தமிழ்த் தாளேடுகளில் தாதியர் என்றும், தோட்டத்து வாய்ப்பேச்சில் மிஸ்ஸி என்றும் வழங்கப்படுபவர் ஒருவரே. அவர் முன் அந்தக் கால் நீட்டப்படக் காரணம் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய நலவாழ்வுக் கணிப்பின்படி, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். இந்திய மரபினரிடையே அந்த அளவு 31.4 விழுக்காடு, ஏறத்தாழ மூவரில் ஒருவர். நோய் நரம்பைத் தாக்கிவிட்டால் கால் தன் வலியை இழந்துவிடுகிறது. முள் தைத்தாலும் தார்ச்சாலை சுட்டாலும் செய்தி மேலே போய்ச் சேர்வதில்லை. புண் பெரிதாகி, நாற்றம் எழுந்து, வீட்டார் மூக்கைச் சுளித்த பிறகே பலருக்குத் தம் காலில் புண் இருப்பது தெரிகிறது. அதன்பின் நடப்பதை இவ்வூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விரல் போனவரையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவரையும் அறியாத தெரு இங்கே அரிது.

தாதி அந்தக் காலைக் கழுவுகிறார், பார்க்கிறார், கட்டுகிறார், அறிவுரை சொல்கிறார். இவற்றுள் எது நோயரைக் காத்தது? எது வெறும் வழக்கம்? செய்த பணிக்குப் பின் புண் குறைந்ததா, குறைந்ததாகத் தோன்றியதா? செவிலியத் தொழிலில் இவற்றைவிடக் கடினமான கேள்விகள் இல்லை. ஆய்வுச் சான்றைக் கைப்பணியில் பொருத்துவதும், பொருத்தியதன் விளைவை அளப்பதும் இக்கேள்விகளுக்கு விடை தேடும் இரு வழிகள். அவை வேறெங்கோ பிறந்து நம்மிடம் இறக்குமதியானவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது வரலாற்றோடு பொருந்தவில்லை. இந்த மலைநாட்டிலேயே, அதுவும் தமிழர் உண்ட ஒரு பிடி சோற்றிலிருந்தே, அவ்வறிவின் ஒரு பகுதி பிறந்தது.

நிபோங் திபாலின் தெற்கே பேராக் மாநிலத்தின் கிரியான் வயல்வெளி விரிகிறது. புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து அவ்வயல்களுக்கு நீர் பாய்ச்சும் பெருந்திட்டம் 1906-இல் நிறைவேறியது. அரிசி மிகுந்த அந்நாளில் மலாயாவில் அரிசியுண்டோரே ஆயிரக்கணக்கில் மாண்டுகொண்டிருந்தனர். பெரிபெரி என்ற நோய் கால்களை மரத்துப்போகச் செய்து, உடலை வீங்கவைத்து, இதயத்தை நிறுத்திக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் கூட்டங்கூட்டமாக விழுந்தனர். தோட்டத் தமிழரோ பெரும்பாலும் தப்பினர். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. நோயின் வேர் அரிசியில் இருப்பதாக அவர் முடிவு செய்தார்.

கூர்நோக்கு வேறு, சான்று வேறு. தமிழரும் சீனரும் உணவில் மட்டுமா வேறுபட்டனர்? உறைவிடம், தொழில், பழக்கம் என வேறுபாடுகள் பல இருந்தன. அவற்றை விலக்கி அரிசி ஒன்றையே சோதிக்க வேண்டும். அதைச் செய்தவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-ஆம் ஆண்டு டிசம்பரில் நோயர்களை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு புறம், இரட்டைப்படை எண்ணினர் மறுபுறம். ஒரு கூடத்துக்குத் தீட்டிய அரிசி, மறு கூடத்துக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. கட்டடத்தில்தான் நோய் உறைகிறதோ என்ற ஐயம் நீங்க, இடையில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றினார். ஆண்டு முடிவில் கணக்கெடுத்தார். இருபுறமும் ஏறத்தாழ 120 பேர். தீட்டிய அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை.

அந்தப் பதினெட்டுப் பேரை ஒரு கணம் நினையாமல் இக்கணக்கைக் கடந்து போக என்னால் இயலவில்லை. ஒப்புதல் கேட்கப்படாதவர்கள், கேட்டாலும் சொல்ல முடியாதவர்கள் மீது நடத்தப்பட்ட ஆய்வு அது. இன்றைய அறநெறிக் குழு எதுவும் அதற்கு இசைவு தராது. அவர்கள் உயிரால் எழுதப்பட்ட உண்மையை நாம் பயன்கொள்ளும்போது அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். பழைய அரிசியில் ஒரு நஞ்சு ஊறுவதாகவே பிராடன் கருதினார். அது தவறு. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள ஓர் உயிர்ச்சத்து அரிசிமணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுதும் போவதில்லை. அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1926-இல், ஜாவாவில். ஆக, எது காக்கிறது என்பது தெரிந்து இருபது ஆண்டு கழித்தே ஏன் காக்கிறது என்பது முழுதாகத் தெளிவாயிற்று. விளக்கம் வரும்வரை காத்திருந்தால் அதற்குள் எத்தனை பேர் மாண்டிருப்பார்கள்! நேர்மையாக எடுத்த அளவீடு, கோட்பாட்டுக்கு முன்னே ஓடி உயிரைப் பிடித்துக்கொள்கிறது. பிற்காலத்தில் சான்றுவழி மருத்துவத்தின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ஆர்ச்சி கோக்ரேனும் இவ்வழியேதான் வந்தார். 1941-இல் கிரேக்க நாட்டுச் சலோனிக்காவில் போர்க்கைதியாக இருந்தபோது, கால் வீங்கிய சக கைதிகள் இருபது பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஈஸ்டு கொடுத்துச் சோதித்தார். பெரிபெரியோ என்ற ஐயமே அவரையும் அச்சோதனைக்குத் தூண்டியது. இன்று அவர் பெயர் தாங்கிய உலக ஆய்வுத்தொகுப்பு அமைப்பின் மலேசியக் கிளை, பினாங்கின் ஜார்ஜ்டவுனில் உள்ள மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தே வளர்ந்தது. நிபோங் திபாலிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான்.

மருத்துவர்களின் கதை இது. செவிலியரின் கதை எங்கே என்று வாசகர் கேட்கலாம். அங்கும் எண்ணே முதலில் வந்தது. கிரீமியப் போரில் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கைவிளக்கை எல்லாரும் அறிவர். அவருடைய கணக்கேட்டைச் சிலரே அறிவர். 1855 பிப்ரவரியில் அங்கே சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். மார்ச்சில் ஒரு துப்புரவுக் குழு வந்து சாக்கடைகளைச் சீர்செய்தது. ஜூனில் அந்த அளவு நூற்றுக்கு இரண்டாகச் சரிந்தது. ஊர் திரும்பியபின் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு அமர்ந்து இறப்புகளை மாதவாரியாக அடுக்கியபோதே அம்மாற்றத்தின் பொருள் அவருக்கு முழுமையாக விளங்கியது. அருகிலிருந்து ஆயிரம் பேரைத் தொட்டுப் பராமரித்தவருக்கும் கண்முன் நடந்தது தெரியவில்லை. காகிதத்தில் எண் நின்றபோது தெரிந்தது. 1858-இல் இலண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதற்பெண் உறுப்பினராக அவர் ஏற்கப்பட்டார்.

இனிப் படுக்கைக்கு வருவோம். நிபோங் திபால் மக்களுக்கு அணுக்கமான அரசு மருத்துவமனை சுங்கை பாக்காப்பில் இருக்கிறது. வாதம் வந்து கிடப்பவர், இடுப்பெலும்பு முறிந்தவர், கால் அகற்றப்பட்டவர் எனப் படுத்தே இருப்போர் எந்த மாவட்ட மருத்துவமனையிலும் உண்டு. அவர்களுக்கு வரும் படுக்கைப்புண், செவிலியத்தின் தரத்தைக் காட்டும் கண்ணாடி என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. எலும்பு துருத்தும் இடங்களான திருவெலும்பு, குதிகால், இடுப்பு ஆகியவற்றில் உடலின் எடையே தோலை நசுக்கிக் குருதியோட்டத்தை நிறுத்திவிடுகிறது. மலேசிய நலவாழ்வு அமைச்சு 2013-இல் அறிவித்த 13 நோயர் பாதுகாப்பு இலக்குகளுள் மருத்துவமனையில் ஏற்படும் படுக்கைப்புண்ணைக் குறைப்பதும் ஒன்றாக இருந்தது.

இதைத் தடுக்க எத்தனை கைமுறைகள் இருந்தன! முதுகில் சாராயம் தேய்த்து மாவு தூவினார்கள். சிவந்த இடத்தை அழுத்திப் பிசைந்தார்கள். ரப்பர்க் கையுறையில் நீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார்கள். நடுவில் துளையுள்ள வளையத் தலையணைமேல் உட்காரவைத்தார்கள். எல்லாம் அன்பால் செய்யப்பட்டவை. மூத்த செவிலி இளையவருக்குக் கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்தவை. இங்கிலாந்தில் டோரின் நார்ட்டன் என்ற செவிலியர் முதியோர் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் நோக்கி, 1962-இல் தம் ஆய்வை வெளியிட்டார். பூச்சுகள் பயன் தரவில்லை என்றும், உடலை ஒழுங்காகத் திருப்பிப் படுக்கவைப்பதே காக்கிறது என்றும் அது காட்டியது. பிசைவது நசுங்கிய திசுவை மேலும் கிழிக்கும். வளையம் தன் விளிம்பில் குருதியை நெரிக்கும். நீர்க்கையுறை குதிகாலின் எடையை உண்மையில் விலக்குவதில்லை. இன்றைய உலக வழிகாட்டிகள் இம்மூன்றையும் விலக்கச் சொல்கின்றன. ஆனாலும் நீர்க்கையுறை எத்தனையோ கூடங்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. அன்பின் பெயரால் நிற்கும் வழக்கத்தைச் சான்று எளிதில் அசைத்துவிடாது. நெடுநாள் கைவழக்கத்தைக் கைவிடச் சொல்லும்போது, அது கற்றுத்தந்தவரை அவமதிப்பதாகத் தோன்றிவிடுகிறது. இதை உணர்ந்து பேசத் தெரிந்த தலைமைத் தாதியே ஒரு கூடத்தை மாற்ற வல்லவர்.

இரண்டு மணிக்கொருமுறை திருப்ப வேண்டும் என்ற விதி நார்ட்டனுக்குப் பின் உலகெங்கும் மந்திரம்போல் நிலைத்தது. அதுவும் சோதனைக்கு உள்ளாயிற்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் 942 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டு, மூன்று, நான்கு மணிக்கொருமுறை திருப்பிப் பார்த்தனர் நான்சி பெர்க்ஸ்ட்ராம் குழுவினர். 2013-இல் வெளிவந்த அவ்வாய்வில் மூன்று பிரிவினருக்கிடையே புண்ணின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைக் கேட்டவுடன், இரவில் இருவர் மட்டுமே பணியிலிருக்கும் கூடத்துத் தாதிக்கு ஆறுதல் பிறக்கும். பொறுத்துப் படிக்க வேண்டும். அம்முதியோர் அனைவரும் படுத்தது உயர்செறிவு நுரைமெத்தைமேல். அத்தகைய மெத்தை இல்லாத கட்டிலில், தட்டையாகிப்போன பழைய மெத்தையில், அம்முடிவைப் பொருத்தினால் அது சான்றைப் பின்பற்றுவது ஆகாது. ஆய்வின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு அது நின்ற தரையை விட்டுவிடுவது, மரத்தின் பூவைப் பறித்து வந்து நட்டுவைப்பது போன்றது.

தரையைவிட முதன்மையான ஒன்று தோல். படுக்கைப்புண்ணின் முதல் நிலையைப் பாடநூல் இவ்வாறு விளக்கும்: தோல் கிழியாமல், அழுத்தினாலும் மறையாத சிவப்பு. வெண்ணிறத் தோலில் அது விளக்குபோல் தெரியும். கிரியான் வெயிலில் கறுத்த ஒரு தோட்டத் தமிழரின் முதுகில் எங்கே தெரியும்? அங்கே சிவப்பு கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மங்கலாகவோ தோன்றும். பல நேரம் தோன்றவே தோன்றாது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் கருநிறத்தவரிடம் முதல்நிலைப் புண் குறைவாகவும் முற்றிய புண் மிகுதியாகவும் பதிவானதை ஆய்வாளர் கண்டனர். அவர்களிடம் முதல் நிலையே வரவில்லை என்று இதற்குப் பொருளில்லை. கண் தவறவிட்டது, அவ்வளவே. இதே குறையை 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு விரலில் மாட்டும் உயிர்வளி அளவியிலும் காட்டியது. கருவியின் திரை 92 முதல் 96 வரை என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்க, குருதியில் உயிர்வளி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்த நிலை, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடாகவும் கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடாகவும் இருந்தது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் அந்தச் சிறு கருவியை நம்பி வீட்டிலிருந்த நம் மக்களை எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது.

கண் தவறினால் கை இருக்கிறது. அழுத்தம் தாங்கிய திசு சுற்றியுள்ள தோலைவிட வெம்மையாகவோ குளிர்ந்தோ இருக்கும். கட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கும். தொட்டால் நோயர் முகம் சுளிப்பார். உள்ளங்கை தடித்தது. விரல்களின் பின்புறமான புறங்கை மென்மையானது; வெம்மையை நுட்பமாக உணர்வது. காய்ச்சல் பார்க்கப் பாட்டிமார் புறங்கையை நெற்றியில் வைத்தது வீண்வழக்கம் அன்று. பாடநூலில் சிவப்பு என்றிருக்கும் இடத்தில் வெம்மை, கடினம், நோவு என்ற மூன்றையும் சேர்த்துத் தேடுமாறு இன்றைய வழிகாட்டிகள் வற்புறுத்துகின்றன. நம் தோலுக்கு இது கூடுதல் குறிப்பு அன்று, முதற்குறிப்பு.

வெம்மையின் இந்த நுண்ணறிவு காலுக்கும் உரியது. அது எங்கே உருவானது என்று பார்த்தால் மீண்டும் தமிழகத்துக்கே வருகிறோம். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கால்கள் அழுகி விழுவது நோயின் இயல்பே என்ற பழைய நம்பிக்கையை ஏற்கவில்லை. வேலூரிலும், பின்னர் அருகிலுள்ள கரிகிரியிலும் அவரும் உடன்பணியாளரும் புண்பட்ட பாதங்களை நாள்தோறும் பார்த்துக் குறித்தனர். தொழுநோய் தசையைத் தின்னவில்லை. அது வலியை மட்டுமே எடுத்துக்கொண்டது. வலியில்லாத கால் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மிதித்து, அழற்சி கண்டு, வெம்மையேறி, பின்பே பிளந்தது. மாவுக்கட்டிட்டு அழுத்தத்தைப் பரப்பியபோது ஆறாது என்று கைவிடப்பட்ட புண்கள் ஆறின. நுண்துளை ரப்பரால் செய்த எளிய செருப்பு அணிந்தவர்களுக்குப் புண் திரும்புவது குறைந்தது. 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கிருந்து அவ்வறிவு நீரிழிவுக் காலுக்குப் பாய்ந்தது. இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதத்துக்குச் செய்யப்படும் பராமரிப்பின் அடித்தளத்தில், வட ஆர்க்காட்டு ஏழைகளின் பாதங்கள் பதிந்திருக்கின்றன. அந்த அறிவு கடல் சுற்றி இப்போது நிபோங் திபாலின் கால்களுக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது.

2004 முதல் 2007 வரை அமெரிக்காவில் வெளிவந்த குலுக்கல்முறை ஆய்வுகள் இதை எண்ணால் உறுதி செய்தன. நாள்தோறும் இரு பாதங்களிலும் ஒத்த இடங்களின் வெப்பத்தை ஒப்பிட்டு, 2.2 செல்சியசுக்கு மேல் வேறுபாடு கண்டால் நடையைக் குறைத்தவர்களுக்குப் புண் வருவது கணிசமாகக் குறைந்தது. வெம்மை புண்ணுக்குச் சில நாள் முன்பே வருகிறது. அந்தச் சில நாளே ஒரு காலின் விலை.

உணர்வை இழந்த காலைக் கண்டறிய நுண்ணிழைக் கருவி வேண்டும் என்பார்கள். பத்துக் கிராம் விசையில் வளையும் அந்த நைலான் இழை நல்ல கருவி. அது கைக்கெட்டாத இடத்தில், 2011-இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவர்கள் முன்வைத்த எளிய முறை உண்டு. நோயர் கண்ணை மூடிக்கொள்ள, தாதி தம் சுட்டுவிரல் நுனியால் ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் நுனிகளை ஓரிரு நொடி மெல்லத் தொடுகிறார். ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிட்டால் அந்தக் கால் காவலற்றது. செலவு ஏதுமில்லை, ஒரு நிமிடம் போதும். மகளோ மருமகளோ வீட்டிலேயே செய்யலாம்.

சான்றைப் பொருத்தியாயிற்று, இனி அளவை. அவெடிஸ் டொனபீடியன் 1966-இல் எழுதிய கட்டுரையில் பராமரிப்பின் தரத்தை மூன்றாகப் பகுத்தார்: கைவசமுள்ள அமைப்பு, செய்யும் செயல், விளையும் பயன். நம் பதிவேடுகள் பெரும்பாலும் நடுவிலுள்ளதோடு நின்றுவிடுகின்றன. பாதம் பார்க்கப்பட்டது என்ற குறியிடப்பட்ட கட்டம் செயலைச் சொல்கிறது. அந்தக் கால் ஓராண்டு கழித்து உடலோடு இருந்ததா என்பதை அந்தக் கட்டம் சொல்லாது.

பயனை எண்ணுவது தோற்றத்துக்கு எளிது, செயலில் கடினம். ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு திங்களில் நாள்தோறும் சராசரியாக 25 நோயர் இருந்தால், முப்பது நாளில் 750 நோயர் நாள்கள். அங்கே மூவருக்குப் புதிதாகப் படுக்கைப்புண் வந்தால், ஆயிரம் நோயர் நாளுக்கு நான்கு என்று கணக்கிடுவோம். வெறும் மூன்று என்பது எதையும் சொல்லாது. பாதி நிரம்பிய கூடத்தின் மூன்றும் நிரம்பி வழிந்த கூடத்தின் மூன்றும் ஒன்றல்ல. வீட்டிலிருந்தே புண்ணோடு வந்தவரை இதில் சேர்த்தால் தாதியர்மீது வீண்பழி விழும். ஆகவே சேர்க்கை நாளிலேயே உடல் முழுவதையும் பார்த்து எழுதியாக வேண்டும். அடுத்த திங்களில் மூன்று இரண்டானால் கொண்டாடலாமா? கூடாது. சிறு எண்கள் தற்செயலாகவே ஏறி இறங்கும். நாணயத்தைச் சுண்டும்போது ஆறு முறை தொடர்ந்து பூ விழ 64-இல் ஒரு வாய்ப்பே உண்டு. அதுபோல ஆறு திங்கள் தொடர்ந்து பழைய நடுஅளவுக்குக் கீழே புள்ளி விழுந்தால்தான் ஏதோ உண்மையில் மாறியிருக்கிறது என்று நம்பத் தொடங்கலாம்.

அதற்கு முன் எண் ஏறவும் கூடும். புறங்கையால் தேடத் தொடங்கிய கூடத்தில், இதுவரை தெரியாத முதல்நிலைப் புண்கள் வெளிப்படும், வரைபடம் மேலெழும். மேலதிகாரி அந்த ஏற்றத்தைக் கண்டு தாதியரைக் கடிந்துகொண்டால், அடுத்த திங்கள் எண் இறங்கிவிடும், புண் இறங்காது. எண்ணுகிறவருக்கு அச்சம் ஊட்டிய நிலையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. இதைப் பல ஆண்டுப் பணிக்குப் பின் தாதியர் தனிமையில் ஒத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

நிபோங் திபாலுக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பினாங்கு, பேராக், கெடா ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லை நெருங்கிவரும் மூலை இது. காற்புண் முற்றியவர் சுங்கை பாக்காப்புக்குப் போகலாம். ஆற்றைக் கடந்து பாரிட் புந்தாருக்குப் போகலாம். அறுவைக்காகப் புக்கிட் மெர்தாஜாமுக்கோ செபராங் ஜெயாவுக்கோ அனுப்பப்படலாம். கால் அகற்றப்பட்ட இடத்தில் அவ்வெண் பதிவாகும். அந்தக் காலை ஐந்து ஆண்டு பார்த்துவந்த நிலையத்தின் ஏட்டில் சுழியம் நிற்கும். சுழியத்தைக் கண்டு யாரும் குறை தேடமாட்டார்கள். ஆகையால் காலை இழந்தோரை மருத்துவமனை வாரியாக எண்ணாமல், அவர் வாழும் ஊரின் வாரியாக, தோட்டத்தின் வாரியாக எண்ண வேண்டும். பழைய தோட்ட மருத்துவமனையில் டிரசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர், கல்வி குறைவாயினும், தம் லயக் குடியிருப்பு மக்களை வீடுவீடாக அறிந்திருந்தார். அவர் அறிந்திருந்த அளவுக்கு இன்றைய பதிவேடு அறியவில்லை என்பது எனக்கு வருத்தமே.

இத்தனையையும் செய்யக் கைகள் வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவு அசைக்க முடியாதது: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயர் கூடுதலாகச் சேரும்போதெல்லாம், அறுவை நோயர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு ஏறுகிறது. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 2014-இல் கண்டதும் அதே 7 விழுக்காடு. செவிலியர் எண்ணிக்கையைச் செலவுத் தலைப்பில் எழுதும் ஆட்சியாளர் இதை மருந்துத் தலைப்பில் எழுத வேண்டும்.

ஆய்வும் தாதியின் கைத்திறனும் இரு கால்கள் என்றால், சான்றுவழிப் பணிக்கு மூன்றாம் கால் ஒன்று உண்டு; அது நோயரின் விருப்பம். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்குக் காவடியோடும் பால்குடத்தோடும் வெறுங்காலில் நடப்பவர்களில் இனிப்பு நீர் உடையோர் எத்தனை பேர்! உச்சி வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும். நேர்த்திக்கடனாக உடைத்த தேங்காய்களின் ஓட்டுச் சில்லுகள் தெருவெங்கும் கிடக்கும். உணர்வற்ற கால் இரண்டையும் அறியாமல் ஏறிச் செல்லும். போகாதீர்கள் என்று சொல்வது எளிது. நாற்பது ஆண்டாக நடந்துவந்த மூதாட்டி அதைக் கேட்கப்போவதில்லை, கேட்க வேண்டும் என்றும் நான் கருதவில்லை. வேண்டுதலைத் தாதி மதித்தால், வேண்டுதல் உடையவரும் தாதியை மதிப்பார். தார் ஆறும் பின்னிரவில் புறப்படுவதும், துணைக்கு வருபவர் வழியைப் பார்த்துக்கொடுப்பதும், இறங்கியவுடன் காலைக் கழுவி ஈரம் துடைத்து, விரலிடுக்கு வரை பார்ப்பதும், மறுநாள் கட்டாயம் நிலையத்துக்கு வந்து காட்டுவதும் அவ்வம்மையோடு பேசி முடிவு செய்யக் கூடியவை. தைப்பூசத்துக்குப் பின்வரும் இரண்டு வாரத்தில் எத்தனை புதிய காற்புண் வந்தது என்பதை ஆண்டுதோறும் எழுதிவைத்தால், அப்பேச்சு பயன் தந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

ஃபிளெட்சருக்கு ஒற்றை, இரட்டை என்ற பிரிவு போதுமானதாக இருந்தது. அவர் செய்ததுபோல் யாரையும் ஊட்டமின்றி வைக்காமலே, தீங்கற்ற சிறு சோதனை ஒன்றை இவ்வூர் நிலையத்தில் செய்யலாம். பெருந்தொற்று விட்டுச்சென்ற நெற்றி வெப்பமானிகள் எத்தனையோ அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றுள் மேற்பரப்பு வெப்பத்தைக் காட்டும் நல்லதொன்றை எடுத்துக்கொண்டு, நீரிழிவு நாளில் வருவோரின் பாதங்களை அரை மணி நேரம் காலணி கழற்றி ஆறவிட வேண்டும். ஒரு தாதி புறங்கையை இரு பாதங்களிலும் ஒத்த இடங்களில் வைத்து, எந்தக் கால் வெம்மை, எந்த இடம் வெம்மை என்று எழுத வேண்டும். அவர் எழுதியதைக் காணாத இன்னொரு தாதி, அதே இடங்களைக் கருவியால் அளந்து தனித்தாளில் எழுத வேண்டும். நூறு பாதங்கள் ஆனபின் இரு தாளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்: 2.2 செல்சியசைக் கருவி காட்டிய இடங்களில் கை எத்தனை முறை அறிந்தது, எத்தனை முறை தவறவிட்டது, எத்தனை முறை இல்லாத வெம்மையைக் கண்டது. நோயரின் பெயர் அத்தாளில் வேண்டியதில்லை. எந்தக் கால், எந்த இடம், எந்த நாள், எந்தக் கை என்பவை மட்டும் போதும்.